இன்னும் ஒரு துளசி

கண்ணம்மையின் முகத்துக்கான நிறத்தைத் துளசி தன் புறங்கையிலேயே குழைத்துக்கொண்டிருந்தாள். மற்ற மணப்பெண்கள் வந்தால் சின்னத் தகடு ஒன்றில் குழைத்து, தாடையோரம் தீற்றிப் பார்த்து, சரிவராமல் துடைத்து, மறுபடியும் குழைக்க வேண்டியிருக்கும். கண்ணம்மையிடம் அந்தச் சிரமமே இல்லை. இருவருக்கும் ஒரே கறுப்பு. தன் கையில் எது மறைந்துபோகிறதோ அதுதான் அவளுக்கும் சரியான நிறம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், மாப்பிள்ளை ராகவனும் அவன் அம்மாவும் முன்கூடத்தில் பேசிக்கொண்டிருப்பதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, போன வருஷம் எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல என்னைப் புடிச்சு வெள்ளை அடிச்சு விட்டுட்டாங்க. போட்டோல கோப்பிக் கடை செவுரு மாதிரி இருந்தேன். இந்தத் தடவ அப்படி வேணாம்லா."

துளசிக்குச் சிரிப்பு வந்தது. தன் கையை நீட்டிக் கண்ணம்மையின் கையோடு சேர்த்து வைத்தாள்.

"பாரு, ரெண்டும் ஒண்ணுதான். நான் என்ன, எனக்கே சுண்ணாம்பு அடிச்சுக்குவேனா? உன்னை உன்னாட்டமே அனுப்புறேன். போதுமா?"

போதும் என்று கண்ணம்மை கண்ணை மூடிக்கொண்டாள். துளசி கடற்பஞ்சை எடுத்து வேலையைத் தொடங்கினாள்.

சூலியா தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கோகுலனின் ஸ்டூடியோ. படிக்கட்டு வழியே பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையின் குழம்பு வாசனை எந்நேரமும் ஏறி வரும். ஒப்பனை செய்ய வந்த இடத்தில்தான் துளசிக்கு அவனோடு பழக்கம் ஏற்பட்டது. வந்த கொஞ்ச நாளிலேயே, விளக்கு அவன் இலாகா, முகம் அவள் இலாகா என்று இருவருக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் உண்டானது. அவன் விளக்கைப் பற்றி அவள் கேட்கமாட்டாள். அவள் பூச்சைப் பற்றி அவன் கேட்கமாட்டான். இப்படி ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைக்காமல் இருந்ததே பிறகு பிரியமாகி, நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த வாரம் பதிவுத் திருமணம். தை மாதம் நிபோங் திபாலில், அவன் ஊரில், தாலி கட்டுவதாக ஏற்பாடு.

அன்றைக்கு எடுக்க வேண்டியது கல்யாண மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கப்போகும் படம். கண்ணம்மையும் ராகவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ராகவன் நல்ல சிவப்பு. அதனால் கோகுலன் விளக்குகளை வெகுநேரம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தான். மொத்தம் மூன்று ஃப்ளாஷ். பெரிய வெள்ளைக் குடைக்குள் இருக்கும் ஒன்று இருவருக்கும் பொது. பின்னாலிருந்து தலைமுடிக்கு ஒளி காட்டுவது ஒன்று. மூன்றாவது சின்னது, அதன் வாயில் தேன்கூடு போன்ற கறுப்பு வலை. அது பெண் நிற்கும் பக்கமாக, அவள் முகத்தை மட்டும் குறிபார்த்து நின்றது. மூன்றையும் கேமரா தலையில் மாட்டிய கருவி ஒன்றிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அந்தந்த ஃப்ளாஷ் 'பீப்' என்று பதில் சொல்லும்.

பீப், பீப், பீப் என்றது தேன்கூடு.

கோகுலன் படம் எடுத்தான். பெரிய திரையில் அது வந்து விழுந்ததும் ராகவனின் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகே போனார். எல்லாரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். திரையை மேலிருந்து கீழாக, துணிக்கடையில் சேலை பார்ப்பது போலப் பார்த்தார்.

"தம்பி, தோடு எங்கே?"

கோகுலன் திரையில் விரலை வைத்துக் காட்டினான்.

"அது தோடா? வைரத்தோடு தம்பி அது. ஒவ்வொரு கல்லும் தெரிய வேணாமா? வெறும் வெள்ளப் பொட்டா இருக்கு. கையப் பாருங்க. மூஞ்சி ஒருத்தி, கை ஒருத்தி. யாரோட கையையோ வெட்டி ஒட்டினாப்ல இருக்கே."

ராகவன் தலையைச் சொறிந்துகொண்டான். கண்ணம்மை துளசியை மட்டும் ஒருமுறை பார்த்தாள். சொன்ன சொல் என்னாயிற்று என்று கேட்கும் பார்வை.

கோகுலன் எப்போதும்போல் இனிமையாகச் சிரித்தான். "பவுடர் ஆச்சி. சில பவுடர் ஃப்ளாஷ் பட்டா வெள்ளையா அடிக்கும். ஒண்ணும் பிரச்சினை இல்ல. துளசி, கொஞ்சம் தொடச்சு விடேன்மா."

இதுவும் எப்போதும் நடப்பதுதான். துளசியின் சொந்த ஊரான சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த ஒரு மணப்பெண்ணின் அம்மா இதையே சொல்லி முகத்தைச் சுளித்திருக்கிறாள். பட்டர்வொர்த்திலிருந்து வந்த இன்னொருத்தி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் துளசி தன் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள். கொரியப் பவுடரைத் தூக்கிப் போட்டாள். ஜப்பான் பவுடர் வாங்கி அதையும் தூக்கிப் போட்டாள். காலைப் பசியாறும்போதுகூட ஒப்பனை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்; அம்மா நல்லம்மாள் தட்டில் தோசை காய்ந்துபோவதைக் காட்டித் திட்டுவார். அந்தப் பெண்களிடம் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். கோகுலன்தான் ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டி, பரவாயில்லை, எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம் என்று ஆறுதல் சொல்வான். நம் தப்பை இப்படிப் பொறுத்துக்கொள்ளும் மனிதன் கிடைப்பது லேசா என்று அவள் உருகியிருக்கிறாள்.

ஆனால் இன்றைக்கு அவள் பவுடரே போடவில்லை.

எல்லாப் பவுடரும் கைவிட்ட பிறகு, கண்ணம்மைக்கு அதைத் தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் ஒற்றி எடுத்ததோடு நிறுத்திவிட்டிருந்தாள். கோகுலனுக்கு அது தெரியாது. அதை ஆச்சியின் முன்னால் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணம்மையைக் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனாள். வெளிச்சத்தில் அந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமும் கழுத்தும் காதும் ஒரே நிறமாக, அழகாக இருந்தன. ஒரு குறையும் இல்லை.

சற்று இடைவெளி விடலாம் என்றான் கோகுலன். ஆச்சிக்கும் ராகவனுக்கும் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதாகக் கீழே இறங்கிப் போனான்.

விளக்குகளுக்கு நடுவே ஹைக்கல் நின்றுகொண்டிருந்தான். சென்ற வருடம் வந்து சேர்ந்தவன். விளக்குகளைத் தூக்கி நிறுத்துவது அவன் வேலை. அப்பா மலாய்க்காரர். அம்மா வழியில் கொஞ்சம் தமிழ் வரும்; அதுவும் சமையலறைத் தமிழ். அவன் தேன்கூட்டைத் தொட்டுக் காட்டி, துளசியிடம் ரகசியம் போலக் கேட்டான்.

"அக்கா, ஆச்சி மாராலா. பொண்ணு சைடு சத்து துளசி போட்டிருக்கு. அரை துளசி ஆக்கவா?"

மாரா என்றால் கோபம், சத்து என்றால் ஒன்று. அவன் கலந்து பேசும் மலாய் அவளுக்குப் பழக்கமானதுதான். நடுவில் வந்த தன் பெயர்தான் புரியவில்லை.

"என்னது போட்டிருக்கு?"

"துளசி." அவள் காதில் விழவில்லை என்று நினைத்து அவன் கொஞ்சம் உரக்கச் சொன்னான். "பொண்ணு கறுப்பா இருந்தா சத்து துளசி. ரொம்பக் கறுப்புன்னா டுவா துளசி, ரெண்டு. வெள்ளையா இருந்தா துளசி வேணாம்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"கோகுல்தான். நான் வந்த புதுசுல, துளசின்னா என்னான்னு கேட்டேன். தமிழ்ல வெளிச்சம்னு அர்த்தம்னு சொன்னாரு." ஹைக்கல் முகமெல்லாம் மலர்ந்தான். "அக்கா பேரும் அதானே. நல்ல பேருலா. என் மகளுக்கும் நூர் ஹனான்னுதான் வச்சிருக்கேன். நூர்னாலும் வெளிச்சம்தான்."

அவன் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. மேசைமேல் கிடந்த கேமராவை எடுத்து, அதன் தலையிலிருந்த கருவியின் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டிக் காட்டினான். முதலில் இறக்கினான். பிறகு ஏற்றினான்.

பீப். பீப். பீப்.

"மூணு பீப். சத்து துளசி."

துளசி அங்கேயே நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. அந்தக் கேமராவுக்கு முன்னால் அவள் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டிருக்கிறாள். கோகுலன் ஒரு கண்ணை இடுக்கி, உதட்டோரம் சிரித்தபடி கேமராவைத் தூக்குவான். பீப், பீப், பீப் என்னும். அவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஒருநாள் அம்மாவிடம்கூட வெட்கத்தோடு சொல்லியிருக்கிறாள், அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு என்னவோ பண்ணுதும்மா என்று. நினைத்ததும், குடித்து முடித்த கிளாஸின் அடியில் செத்த ஈயைப் பார்த்தவள் போல் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். இனித் துப்பி என்ன ஆகப்போகிறது? எல்லாம் எப்போதோ உள்ளே இறங்கியாயிற்று.

படிக்கட்டு முகப்பில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில், அவளுடைய படம் மாட்டியிருந்தது. பச்சைப் பட்டுச் சேலை, லேசாகத் திரும்பிய முகம். அவள் போய் அதன் முன்னால் நின்றாள். தினமும் கடந்துபோகிற படம்தான். இன்றைக்குத்தான் கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த கை அவளுடையது. முகம் வேறு யாருடையதோ. கோப்பிக் கடைச் சுவர்.

இந்தப் படம்தான் நிபோங் திபாலுக்குப் போனது. கோகுலனின் அம்மா ரமணி முதலில் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றாராம். பிறகு மகன் ஒரு படம் எடுத்துக் காட்டினான். அம்மா மனம் மாறினார். உன் முகத்தைப் பார்த்து அம்மா கரைஞ்சுட்டாங்க என்று அவன் சொன்னபோது துளசி அவன் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். முதல்முறை நேரில் பார்த்தபோது ரமணி அவள் தாடையைப் பிடித்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார். போட்டோவுல இன்னும் நல்லா இருந்தியேம்மா, வெயில்ல ரொம்ப அலையிறியா என்று கேட்டார். அடுத்த முறை நீலப் பூப்போட்ட ஒரு குடை வாங்கி வைத்திருந்தார். எத்தனை அக்கறையான மாமியார் என்று துளசி எல்லாரிடமும் பெருமையடித்தாள். அன்றிலிருந்து குடையில்லாமல் தெருவில் இறங்கியதில்லை; முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே போனதில்லை. அந்தக் குடை இப்போதும் படத்துக்குக் கீழே, சுவரோரம் சாய்ந்து நின்றது. அதைத் தொடக்கூட அவளுக்குக் கூசியது.

கோகுலன் பொட்டலத்தோடு வந்து நேரே பின்னறைக்குப் போனான். அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் பழுப்புக் காகிதத்தை விரித்து, எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவளுக்கும் ஓர் உருண்டை உருட்டி நீட்டினான். எத்தனையோ நாள் அப்படி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இன்றைக்கு அந்த விரல்களுக்கிடையே வழிந்த எண்ணெயைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு துளசின்னா எவ்வளவு கோகுல்?"

உருண்டை அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் அதைத் தன் வாயில் போட்டு மென்றான். மென்று முடிக்கும்வரை யோசித்தான் என்பது தெரிந்தது.

"ஹைக்கல் உளறிட்டானா? அது சும்மா ஒரு வேலைப் பேச்சுமா. மொத மொதல்ல, துளசிக்கு வச்ச மாதிரி வைன்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அது சுருங்கிப் போச்சு. செல்லமா வந்ததுதான்."

"கறுப்பா எவ வந்தாலும் என் பேரு. அது செல்லம்."

"அப்படி ஏன் எடுத்துக்கிற? டெக்னிக்கலா கறுப்பு ஸ்கின்னுக்கு வெளிச்சம் கூடத்தான் வேணும். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

அதில் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். கறுப்புச் சேலைக்கும் வெள்ளைச் சேலைக்கும் ஒரே விளக்குப் போதாது என்பது தெரியாதவள் அல்ல.

"கூடட்டும். ஆளு தெரியிற அளவுக்குக் கூடட்டும். நீ ஆளே தெரியாத அளவுக்குல்ல வைக்கிற. கண்ணம்மை காதுல கெடக்கிற வைரமே காணாமப் போச்சு."

அவன் மறுபடியும் சோற்றைப் பிசையத் தொடங்கினான். அவள் விடவில்லை.

"அப்ப பவுடர்?"

"என்ன பவுடர்?"

"நான் இன்னிக்குப் பவுடரே போடல கோகுல்."

அவன் கை நின்றது. வெளியே ஆச்சி காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று மகனிடம் சொல்வது கேட்டது.

"இத்தன நாளும் உனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு டப்பாவா தூக்கிப் போடுறப்பவும் தெரியும். அந்தப் பொண்ணுங்ககிட்ட நான் கெஞ்சுறப்பவும் பக்கத்துலதான் நின்ன."

"நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல," என்றான் அவன். குரல் உண்மையாகவே கனிந்திருந்தது. "துளசி, எங்கம்மாவ எப்படிச் சம்மதிக்க வச்சேன்னு நெனைக்கிற? அந்த ஒரு போட்டோதான். எல்லாம் உனக்காகத்தான்மா செஞ்சேன்."

பிறந்தநாள் பரிசைக் கையில் கொடுப்பவன் போல் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் வெட்கப்பட்டிருந்தால், தலை குனிந்திருந்தால், ஒரு சண்டையோடு எல்லாம் முடிந்திருக்கும். அவனோ நன்றியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். மூலையிலிருந்த குழாயைத் திறந்து அவள் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

வந்தவர்களை அப்படியே அனுப்ப முடியாது. கண்ணம்மைக்கு ஒரு சொல் கொடுத்திருந்தாள். துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தேன்கூட்டை அணைத்துவிடும்படி ஹைக்கலிடம் சொன்னாள். அவன் கோகுலனைப் பார்த்தான். ஆச்சி முகம் கோணியிருந்ததால் கோகுலனும் சரி என்று தலையாட்டினான்.

அதன்பிறகு அவன் செய்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொழில் தெரியாதவன் இல்லை. பெரிய குடையைக் கண்ணம்மையின் பக்கமாக நகர்த்தினான். ராகவன் கொஞ்சம் விலகி நின்றதும் அவன் மேல் விழுந்த ஒளி தானாகவே தணிந்தது. ஒரு வெள்ளைப் பலகையைக் கீழே சாய்த்து வைத்து நிழலை மட்டும் இளக்கினான். யாரும் வெளுக்காமல் இருவரும் சமமாக நின்றார்கள். இத்தனை எளிதாக இதைச் செய்ய முடிந்தவன்தான் இத்தனை நாளும் அதைச் செய்தான் என்று நினைத்தபோது துளசிக்கு இன்னும் கசந்தது.

திரையில் வந்த கண்ணம்மையின் கன்னமேட்டில் ஒளி வழுக்கிக்கொண்டு இறங்கியது. காதில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய், உதடு அசைய எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆங், இது தோடு. கையும் மூஞ்சியும் ஒரு ஆளோடதா இருக்கு. இதையே போடுங்க தம்பி."

ராகவன் கண்ணம்மையின் பக்கம் குனிந்து, இப்பதான் நீ உன்ன மாதிரி இருக்க என்றான். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சிரித்தாளா என்று துளசியால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் இறங்கும்போது அவள் மட்டும் படிக்கட்டில் தயங்கி நின்று துளசியின் காதருகே வந்தாள்.

"அக்கா, அந்த மொத போட்டோவையும் எனக்கு அனுப்பிவிடுறீங்களா? சும்மா. வச்சுக்க."

துளசிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தானே தன் கைப்பேசித் திரையில் இத்தனை நாளாக எந்த வெளுத்த முகத்தை வைத்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்தானே. கண்ணம்மையின் கன்னத்தைத் தட்டி, பத்திரமாப் போய்ட்டு வா என்று மட்டும் சொன்னாள்.

ஹைக்கலும் தேநீர் குடிக்கக் கீழே போனான். ஸ்டூடியோவில் இருவர் மட்டும் இருந்தார்கள். கோகுலன் வந்து அவள் பக்கத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றான்.

"நீ சொன்ன மாதிரியே எடுத்தேன்ல? கோவத்த விடுமா. அந்தப் படத்தக் கழட்டிப் போட்டுருவோம். இப்பவே புதுசா ஒண்ணு எடுக்கிறேன். கல்யாண பேனருக்கும் அதையே போடுவோம். அம்மா என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நேரே போய் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். துளசியின் மனம் கொஞ்சம் இளகியது. மழைநாளில் படகுத்துறையில் அவளுக்காக நனைந்துகொண்டு நின்றவன். அப்பா தயாளனுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தவன். ஒரு கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொண்டவன் அதை மறக்கவும் கூடும். மறந்துவிட்டால் போதும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

முக்காலியில் உட்கார்ந்தாள். முழுக்கைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. குழாய்த் தண்ணீர் காய்ந்த முகம்.

"எடு. ஒரு துளசியும் போடாம எடு."

"ப்ராமிஸ்," என்றான்.

கண்ணம்மைக்கு வைத்த அளவு இவளுக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று அவனே சொன்னான். ஆனாலும் குடையை ஒருமுறை சரிபார்த்தான், பலகையை நிமிர்த்தினான். வெளிச்சம் அளக்கும் கருவியை அவள் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, எதையும் தொட வேண்டியதில்லை என்றான். பின்னுக்குப் போய்க் கேமராவைத் தூக்கினான். ஒரு கண்ணை இடுக்கினான். உதட்டோரம் அதே சிரிப்பு வந்தது. துளசி அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள்.

பீப். பீப். பீப்.

பெரிய குடைக்குள்ளிருந்து வந்தது சத்தம்.

கோகுலன் கேமராவை முகத்திலிருந்து இறக்கினான். தன் பெருவிரலைப் பார்த்தான். யாரோ அதை அங்கே ஒட்டிவிட்டுப் போனது போல் பார்த்தான்.

"ஐயோ, இல்ல துளசி. நான் பண்ணல. கை தானாப் போயிருச்சு. சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பொய் சொல்லும் வாயைத் திட்டலாம், திருத்தலாம். இந்தக் கையை என்ன செய்வது? அவன் நல்ல எண்ணத்தோடு இருக்கும்போதே, சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாளைக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கும். இவளைப் போலவே பிறக்கும். தொட்டிலுக்கு மேலே குனிந்து அவன் கேமராவைத் தூக்குவான், பிரியத்தோடுதான் தூக்குவான். பீப், பீப், பீப். ரமணி ஒரு சின்னக் குடை வாங்கிக்கொண்டு வருவார்.

எழுந்து, நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி முக்காலியின்மேல் வைத்தாள்.

"துளசி, அடுத்த வாரம் ரிஜிஸ்ட்ரேஷன்மா."

"அதனாலதான் இன்னிக்கே சொல்றேன்."

"ஒரு விரலு பண்ணினதுக்கா?"

"ஆமா," என்றாள். "நீ நல்லவன்தான் கோகுல். ஆனா உன் முன்னால உக்காரும்போதெல்லாம் இனி நான் காதைத் தீட்டிக்கிட்டே உக்காரணும். என்னால முடியாது."

அவன் கேமராவைப் பிடித்தபடியே நின்றான். அவள் பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். புறங்கையில் கண்ணம்மைக்குக் குழைத்த நிறம் இன்னும் ஒட்டியிருந்தது. எது அது, எது தோல் என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி கலந்திருந்தது. துடைக்காமல் விட்டுவிட்டாள்.

கீழே, நாணய மாற்றுக் கடையின் வாசற்படியில் ஹைக்கல் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சிக்கொண்டு நின்றான். பெட்டியோடு அவளைப் பார்த்ததும் நேராக நிமிர்ந்தான். தன்னால் ஏதோ ஆகிவிட்டது என்று அவனுக்குப் புலப்பட்டிருந்தது.

"அக்கா, நான் தப்பா ஏதும் சொல்லிட்டேனா?"

"இல்ல தம்பி. நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது." நடக்கப்போனவள் திரும்பி நின்றாள். "துளசின்னா வெளிச்சம் இல்ல. அது ஒரு செடி. என் பேரும் அதான். இனிமே விளக்குக்கு அதச் சொல்லாத."

அவன் முகம் சிவந்துபோயிற்று. கோகுலனோடு சேர்ந்து இத்தனை நாளும் தான் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறான் போல. மாஃப், அக்கா என்று மன்னிப்புக் கேட்டான். பிறகு, வேறு என்ன சொல்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வெளிச்சம்னே சொல்லு."

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. படகுத்துறைக்குப் போகும் பக்கமாகத் திரும்பி அவள் தெருவில் இறங்கினாள். நாசி கண்டார் கடை வரிசையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஹைக்கலின் குரல் வந்தது. மேலே ஓடிப் போய் எடுத்து வந்திருக்க வேண்டும். கையில் நீலப் பூப்போட்ட அந்தக் குடையை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"அக்கா! பாயோங் மறந்துட்டீங்க!"

"மறக்கல," என்றாள் துளசி. "அது ஸ்டூடியோ சாமான். மேல கொண்டு போய் வச்சிரு."

சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடாமலே நடந்தாள்.